ருத்திராட்சப் பூனைகளின் வம்ச வரலாறு

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் நூறு வருஷமாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே தவம் இருந்தவர்கள். இரண்டு பேருக்குமே விலா எலும்பு தெரிந்திருக்கும். பல்லவர்களோ கீழே பெயர்ப்பலகை வைக்காமல் போய்விட்டார்கள். ஆகவே வழக்கு இன்னும் நூறு வருஷம் ஓடும். ஆனால் அதே பாறையில், பெரிய யானையின் பக்கத்தில் நிற்கிற பூனையைப் பற்றி எந்த அறிஞருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆள் யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பின்னங்கால்களில் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. முன்னங்கால்கள் தலைக்கு மேலே. அந்தப் பக்கம் தவம் செய்கிற மனிதரைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருக்கிறது. காலடியில் குட்டி குட்டியாக எலிகள். அதில் ஒன்று கை கூப்பிக் கும்பிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. வருகிற கூட்டம் யானைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, கையோடு வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிக்கப் போய்விடுகிறது. கும்பிடுகிற எலியை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

இந்தப் பூனையின் பூர்வ கதை மகாபாரதத்தில் இருக்கிறது. உத்தியோக பர்வத்தில், போருக்குச் சற்று முன்னால், தருமனைக் கிண்டல் செய்ய துரியோதனன் உலூகனிடம் சொல்லி அனுப்பிய கதை. கங்கைக்கரையில் ஒரு பூனை கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. எலிகள் நம்பி வந்து, எங்களுக்கு நீங்களே காவல் என்று சரணடைகின்றன. பூனை பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறது. ஒரே ஒரு சின்ன உபகாரம்: தவத்தில் உடம்பு தளர்ந்துவிட்டதால் தினமும் தன்னை ஆற்றுக்கு அழைத்துப் போக வேண்டும். அழைத்துப் போன எலிகள் திரும்பவில்லை. தளர்ந்த உடம்பு தினமும் பூரிக்கிறது. இதைக் கண்டுபிடித்தது ஒரு வயதான எலி. அது சொன்ன ஆதாரம் அபாரமானது: பழமும் கிழங்கும் தின்கிறவரின் கழிவில் ரோமம் எப்படி வரும்? என்னைக் கேட்டால் இந்தியத் துணைக்கண்டத்தின் முதல் லேப் ரிப்போர்ட் இதுதான்.

எலிகள் ஓடிவிட்டன, கதை முடிந்தது என்று வியாசர் நினைத்திருக்கலாம். பூனை அப்படி நினைக்கவில்லை. காவியை அவிழ்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறி ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கிக்கொண்டது.

1890-களின் கடைசி. மாசசூசெட்ஸில் கிளார்க் பல்கலைக்கழகம். லைனஸ் கிளைன் என்ற ஆராய்ச்சியாளர், வர்ஜீனியாவில் தன் அப்பாவின் பண்ணையில் ஒரு பழைய குடிசைத் திண்ணையைத் தோண்டியபோது பெரிய காட்டெலிகள் அடியிலே போட்டிருந்த பாதைகளைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த எட்மண்ட் சான்ஃபோர்டுக்கு லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் செடிவேலிப் புதிர்ப்பாதை ஞாபகம் வந்தது. ராஜா வில்லியம் காலத்தில் பிரபுக்களும் சீமாட்டிகளும் வேண்டுமென்றே வழி தவறி விளையாடப் போட்ட பாதை. அதையே பலகையிலும் கம்பிவலையிலும் சின்னதாகச் செய்து எலியை உள்ளே விட்டார் வில்லார்டு ஸ்மால். கட்டுரை 1901-ல் வெளியானது. இங்கிலாந்து அரண்மனைத் தோட்டத்தில் உலாவுகிற பாக்கியம், நடுவிலே தீனி. எலிகள் சில நாளிலேயே வழியைக் கரைத்துக் குடித்துவிட்டன. பிரபுக்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

எலிக்கு வழி தெரியும் என்று கண்டுபிடிக்க அரண்மனை எதற்கு? செங்கல்பட்டுப் பக்கம் அறுவடை முடிந்த எந்த வயல் வரப்பிலாவது கடப்பாரையோடு நிற்கிற ஒரு இருளரைக் கேட்டிருந்தால் போதும். வரப்பெலியின் வளை என்பது வெறும் பொந்து இல்லை. வாசல் மண்ணால் அடைத்திருக்கும். உள்ளே கிளைக் கிளையாகப் பாதை. படுக்க ஒரு அறை, குட்டிகளுக்கு ஒரு அறை, நெற்கதிரை அறுத்து அடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட களஞ்சியம். மேலே மெல்லிசாக மண் மூடிய ஒரு திருட்டு வழி, ஆபத்துக்கு. இருளர் குனிந்து வாசலில் கிடக்கிற மண் புதுசா பழசா என்று பார்ப்பார். திருட்டு வழி எங்கே என்று ஊகித்து முதலில் அதை அடைப்பார். அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைப் பற்றவைத்து, பானை வாயை வளை வாயில் கவிழ்த்து, ஓட்டையில் உதடு வைத்து ஊதுவார். புகை எலியை மயக்கும், பாதி அவர் நெஞ்சுக்கே திரும்பும். அப்புறம் தோண்டல். எலியும் கிடைக்கும், எலி சேர்த்த நெல்லும் கிலோக்கணக்கில் கிடைக்கும். எலியின் தலைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது, அதன் நகல் இருளரின் தலைக்குள்ளும் இருக்கிறது. இதை யாரும் கட்டுரையாக எழுதி வெளியிடவில்லை. அதே இருளர் சமூகத்துப் பாம்புபிடிக் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கியது. அதிலிருந்து வந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் மலைப்பாம்பு தேடித் தர ஃபுளோரிடாவுக்கே போய் வந்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீயும் வந்தது. எலிப் பிரிவுக்கு மட்டும் இன்னும் அழைப்பு வரவில்லை.

போகட்டும், பூனை வம்சத்துக்கு வருவோம். அடுத்த தலைமுறை ஜான் வாட்சன், சிகாகோ. எலி எதை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். கண்ணை வைத்தா? எடுத்துவிட்டுப் பார்த்தார். மோப்பமா? மூளையில் அதற்கான குமிழை எடுத்தார். காது? மீசை? வரிசையாக எடுத்தார். ஒவ்வொன்றாக இழந்த எலிகள் அப்போதும் புதிர்ப்பாதையைக் கற்றுக்கொண்டன. 1907-ல் முடிவு வெளியானபோது, இப்படியா செய்வது என்று பத்திரிகைகள் கிழித்தன. எலி அழுதால் பூனை விடுமா? அடுத்த வருஷமே ஹார்வி காருடன் சேர்ந்து இன்னொரு விளையாட்டு: நன்றாகப் பழகிய பாதையை ரகசியமாகக் கொஞ்சம் குட்டையாக்கிவிட்டார்கள். எலி வழக்கமான வேகத்தில் ஓடிவந்து, நேற்று வரை வழி இருந்த இடத்தில் இருந்த சுவரில் முட்டிக்கொண்டது. பாதை எலியின் தசைகளில்தான் பதிந்திருக்கிறது, மூளையில் படம் கிடம் எதுவும் இல்லை என்றார் வாட்சன். ராத்திரி கரண்ட் போனபோது, நகர்த்தி வைத்த பீரோவில் கால்விரலை இடித்துக்கொண்ட யாரும் இதை ஓரளவு ஒப்புக்கொள்வார்கள். 1920-ல் மாணவியோடு கொண்ட காதலால் வாட்சன் வேலையை இழந்தார். விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து மிக நன்றாகச் சம்பாதித்தார். எலியைப் படித்தவருக்கு வாடிக்கையாளர் எம்மாத்திரம்.

வாட்சனோடு வேலை பார்த்தவர் கார்ல் லாஷ்லி. வம்சத்திலேயே பெரிய பூனை இவர்தான், இவரிடம் சூட்டுக்கோல் இருந்தது. வழியின் ஞாபகம் மூளையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? கண்டுபிடிக்க எளிய முறை: எலிக்கு வழி கற்றுக்கொடு, மூளையின் மேற்புறணியில் ஒரு துண்டைக் கருக்கு, மறுபடி ஓடவிடு. எந்தத் துண்டு போனதும் வழி மறக்கிறதோ அதுதான் இடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லாஷ்லி எந்தத் துண்டை எடுத்தாலும் எலி கொஞ்சம் தடுமாறியது, முழுசாக மறக்கவில்லை. முன்னால் எடுத்தாலும் அப்படித்தான், பின்னால் எடுத்தாலும் அப்படித்தான். எந்த இடம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு போயிற்று என்பதே முக்கியம் என்று 1929-ல் புத்தகம் போட்டார். முப்பது வருஷம் தேடிக் களைத்தபின் 1950-ல், என் ஆதாரங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கற்றல் என்பதே நடக்க முடியாத காரியம் என்றுதான் சில சமயம் தோன்றுகிறது என்ற பொருளில் வேடிக்கையாக எழுதினார். அத்தனை எலிகள் அதற்காகத்தான் தலையைக் கொடுத்தன.

பெரியவர் செய்த பிழை ஒன்றுதான். மேல்மாடியை மட்டுமே சோதனை போட்டார். சரக்கு கீழே, உள்ளே சுருண்டு கிடந்த ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இருந்தது. வருமானவரிக்காரர்கள்கூட பரண், படுக்கை என்று எல்லா இடத்தையும் கிளறுவார்கள்.

லாஷ்லியின் குறிப்புகளில் ஒரு சம்பவம் இருக்கிறது. சில எலிகள் பாதையைக் கற்றுக்கொண்ட பிறகு, தொடங்கும் பெட்டியின் மூடியை முட்டித் தள்ளி மேலே ஏறி, சந்துபொந்து எதையும் சட்டை செய்யாமல் கூரை மேலேயே நேராக நடந்துபோய் தீனி இருந்த பெட்டிக்குள் இறங்கின. வழியைத் தசைதான் ஞாபகம் வைத்திருக்கிறது என்றால், ஒருபோதும் நடக்காத கூரைப் பாதை எந்தத் தசைக்குத் தெரியும்? இந்த எலிகளின் பெருமையை 1948-ல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பெர்க்லியின் எட்வர்டு டோல்மன். எலியின் தலைக்குள் வரைபடம் இருக்கிறது என்றார். பூனை வம்சத்தில் பிறந்தும் எலிகளிடம் மரியாதையாக நடந்தவர். 1932-ல் வந்த தன் பெரிய புத்தகத்தை வெள்ளெலிக்கே காணிக்கை ஆக்கியிருந்தார், அதுவும் லத்தீன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு. ஹான்சிக்குடன் 1930-ல் அவர் செய்த சோதனை எனக்குப் பிடித்தது: பத்து நாள் தீனி இல்லாமல் பாதையில் சும்மா சுற்றவிட்டார்கள். எலிகளும் ஏனோதானோ என்று சுற்றின. பதினோராம் நாள் தீனி வைத்தார்கள். மறுநாளே அவை, முதல் நாளிலிருந்து தீனி வாங்கி வந்த எலிகளுக்குச் சமமாக ஓடின. அதாவது பத்து நாளும் பாடம் மனசில் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஒப்பிக்கக் காரணம்தான் இல்லை. கடைசி பெஞ்சு மாணவர்கள் இதை மேற்கோள் காட்டலாம். இதே டோல்மன், அரசியல் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கு நின்று வழக்காடி ஜெயித்தவர். குட்டையான பாதையில் போய் முட்டிக்கொள்ளாத எலி.

பிறகு ஒரு மனிதர். இவரைக் கேலி செய்ய மனம் வராது. 1953, ஹார்ட்ஃபோர்டு. ஹென்றி மொலைசன், வயது 27, தீராத வலிப்பு. வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அக்கம்பக்கத்தையும் எடுத்தார். வலிப்பு குறைந்தது. அதற்குப் பிறகு சந்தித்த எவரும் அவர் மனதில் தங்கவில்லை. 1957-ல் பிரெண்டா மில்னரும் ஸ்கோவிலும் இதை எழுதியதும், வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் திரும்பி எலியைப் பார்த்தன. அங்கேயா இருக்கிறது?

1971-ல் லண்டனில் ஜான் ஓகீஃப், தோஸ்த்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து எலியின் ஹிப்போகேம்பஸில் மெல்லிய கம்பியை இறக்கிக் கேட்டார். ஒரு நரம்பணு, எலி பெட்டியின் ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனால் மட்டும் படபடவென்று துடித்தது. இன்னொன்று வேறு மூலைக்கு. இடத்துக்கு ஒரு அணு, டோல்மனின் வரைபடம். 2005-ல் நார்வேயில் மோசர் தம்பதியின் குழு பக்கத்துப் பகுதியில் வேறு விதமான அணுக்களைக் கண்டது. ஒரே அணு பல இடங்களில் துடிக்கிறது, அந்த இடங்களைக் குறித்து வைத்தால் இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரி தரை முழுக்க அறுகோணமாக விழுகிறது. மார்கழி மாதத்தில் நம் வாசலில் தினமும் போட்டதை எலி தலைக்குள் போட்டு வைத்திருக்கிறது. 2014-ல் மூவருக்கும் நோபல். எலிக்கு வழக்கமான தீனி.

இனி குளம். 1981-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ரிச்சர்டு மோரிஸ் ஒரு வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் கலந்து வெள்ளையாக்கினார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலியை ஓரத்தில் இறக்கிவிட வேண்டும். எலிக்கு நீச்சல் வரும், ஆனால் நனைவது பிடிக்காது. தவித்து நீந்தும்போது தற்செயலாக மேடை காலில் படும். ஏறி நின்று, உடம்பை உதறிவிட்டு, சுற்றுமுற்றும் பார்க்கும்: அந்தப் பக்கம் கதவு, இந்தப் பக்கம் விளக்கு, எதிரே சுவரில் ஒரு படம். சில முறை இப்படி ஆனதும், எந்தக் கரையில் இறக்கினாலும் கோடு போட்டது மாதிரி நேராக மேடைக்கே வந்துவிடும். மோப்பம் பிடிக்கச் சந்து இல்லை, தசை பழக ஒரே பாதை இல்லை. வாட்சனின் வாதம் பாலோடு கரைந்தது.

மறு வருஷம் ஓகீஃபும் மற்றவர்களும் மோரிஸோடு சேர்ந்து, ஹிப்போகேம்பஸ் சிதைந்த எலிகளைத் தொட்டியில் விட்டார்கள். கை கால் நன்றாக இயங்கியது, நீச்சலில் குறையில்லை. மேடை எங்கே என்பதுதான் இல்லை. வட்டம் வட்டமாகச் சுற்றின. மேடையைத் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி உயர்த்தினால் உடனே நேராகப் போயின. அதாவது கண்ணில் படுவது தெரிகிறது, படாததை அதன் சுற்றுப்புறத்தை வைத்து நினைவில் நிறுத்த முடியவில்லை. மேற்புறணியை மட்டும் இழந்த எலிகளோ பாடத்தைக் கற்றுக்கொண்டன. லாஷ்லி முப்பது வருஷம் தட்டிய கதவு, ஒரு தொட்டித் தண்ணீரில் திறந்தது. இன்று உலகத்தில் மூளைக்காயத்தை ஆராய்கிற பலர் எப்போதாவது பால் தொட்டி ஓரத்தில் நிறுத்துக்கடிகாரத்தோடு குந்தியிருப்பார்கள். தலையில் இயந்திரத்தால் அளந்து ஒரு அடி கொடுத்த சுண்டெலிகளும் மேடை தேட அதிக நேரம் எடுக்கின்றன. அடி விழுவது மேற்புறணியில்தான், ஆனாலும் அடியில் இருக்கிற ஹிப்போகேம்பஸின் அணுக்களும் சேர்ந்து சாகின்றன.

நம் பக்கத்திலும் தொட்டிகள் உண்டு. வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுத்து ஓய்ந்த பிறகு, எலிகளுக்குக் கொடுத்துத் தொட்டியில் இறக்குவது இந்திய ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். எலிக்கு மதிப்பெண் கூடியதாகப் பல கட்டுரைகள் சொல்கின்றன, பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸில் பிந்து குட்டியின் குழு ஹிப்போகேம்பஸின் வெளிவாசலான சபிகுலத்தின் கீழ்ப்பகுதியை எலிகளில் சிதைத்து, வழி மறப்பதைக் காட்டியது. அதே எலிகளைப் பெரிய கூண்டில் சுரங்கம், பொம்மை, கூட்டாளிகள் என்று வசதியாக வைத்தால் தடுமாற்றம் ஓரளவு குறைவதையும் காட்டியது. சுரங்கமும் கூட்டாளியும் களஞ்சியமும் பாலாற்றங்கரை வயல் எலிக்குப் பிறப்பிலேயே உண்டு. எலி வளையானாலும் தனி வளை என்றார்கள், ஆராய்ச்சியில் கூட்டு வளை தேவலாம் என்று வந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி இந்த இட அணுக்களையும் கோல அணுக்களையும் கணினிக்குள்ளேயே கட்டி ஆராய்கிறார். வம்சத்தில் முதல் சைவப் பூனை என்று அவரைக் குறித்து வைக்கலாம்.

இவ்வளவு நேரம் பெரிய எலிகளின் கதை. சுண்டெலி மேடை ஏறியது 1992-ல். எதிர்ப்புரதத்தின் மரபணு ரகசியத்துக்காக ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த சுசுமு தொனேகாவா மூளைப் பக்கம் திரும்பினார். அவருடைய ஆய்வகத்தில் ஆல்சினோ சில்வா, ஒரே ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார். சூட்டுக்கோல் இல்லை, கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஆனாலும் தொட்டியில் மேடை மறந்தது. மரபணுவோடு விளையாட அன்றைக்குச் சுண்டெலிதான் வசதி. எனவே ஆயிரக்கணக்கில் சுண்டெலிகள் தொட்டிக்கு வந்து சேர்ந்தன. 2013-ல் அதே ஆய்வகம் ஒளியைப் பாய்ச்சி, ஒன்றுமே நடக்காத ஒரு பெட்டியில் ஷாக் அடித்ததாக ஒரு சுண்டெலியின் தலையில் பொய் ஞாபகத்தையே நட்டுவைத்தது. சுண்டெலி அந்தப் பெட்டியைக் கண்டதும் உறைந்து நின்றது. கங்கைக்கரைப் பூனைக்கு இந்த வசதி இருந்திருந்தால் கிழ எலியின் தலையில் ரோமத்துக்குப் பதில் மாதுளம் முத்தை நட்டிருக்கும்.

ஆனால் தொட்டி வேலை பெரிய எலிக்கு எழுதிய பரீட்சை. சுண்டெலிக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது. உலர்ந்த தரையில் வைத்தால் நன்றாகவே வழி கண்டுபிடிக்கும், பால் தண்ணீரில் இறக்கினால் சில சுண்டெலிகள் நீந்துவதே இல்லை. கை கால் அசைக்காமல் மிதக்கின்றன. முதலில் ஆய்வாளர்கள் பதறினார்கள்: மரபணு போயிற்றா, அடி பலமா, மருந்து வேலை செய்யவில்லையா? கொஞ்சம் கவனித்தால் புரியும். மிதந்தால் மூழ்காது. ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ ஆனால் எப்படியும் ஒரு கை வந்து தூக்கிவிடும். துண்டால் துடைத்து, சூடான விளக்கடியில் வைக்கும். மேடையை எதற்குத் தேட வேண்டும்?

இவற்றை ஆய்வாளர்கள் மிதப்பவர்கள் என்று குறித்துக்கொண்டு, பெரும்பாலும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள்.